பெண் கொம்பு

எல்லோருக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? இந்த வருஷம் பனி முன்னதாகவே இறங்கிவிட்டது, காதைப் பொத்திக்கொண்டு வெளியே போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேளை தவறாமல் சாப்பிடுங்கள். எனக்கு வலது முழங்கால் மட்டும்தான் தகராறு, மற்றபடி குறை ஒன்றுமில்லை. போன மாதக் கடிதத்தை ஏன் எழுதவில்லை என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரு விஷயம் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. அதை எடுத்துப் போட்டால்தான் வேறு பேச்சு வரும்போல் இருந்தது. அதனால் இன்றைக்கு அதையேதான் எழுதப்போகிறேன்.

ஒரு ஈயைப் பற்றிய சமாசாரம்.

எங்கள் தென்பாதிவெளியில் நெல் போடுகிற யாரைக் கேட்டாலும் ஆனைக்கொம்பனைத் தெரியும். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், கொசு அளவுதான் இருக்கும், வயிறு மட்டும் கொஞ்சம் சிவப்பு. நெல் இலையில் முட்டையிடும். அதிலிருந்து வருகிற புழு மெல்ல இறங்கிக் குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் எச்சில் பட்டதோ இல்லையோ, பயிருக்குப் புத்தி மாறிவிடும். கதிர் கட்ட வேண்டிய குருத்து கதிரை மறந்துவிட்டுப் புழுவுக்கு வீடு கட்ட ஆரம்பிக்கும். வெங்காயத் தாள் மாதிரி உள்ளே கூடாக, வெளியே வெள்ளை வெளேரென்று, நீளமாக ஒரு குழல் கிளம்பும். பார்க்க யானைத் தந்தம் மாதிரியே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். கொம்பு வந்த தூரில் நெல் வராது. வேளாண்மை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். வயல் வயலாக இறங்கி அந்தக் கொம்புகளை எண்ணியதில்தான் இந்த முழங்காலே போனது.

நான் ஓய்வு பெற்ற நாலாவது வருஷம் ஜெஸிந்தா வந்தாள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, படகுக்காரர் வீட்டுப் பெண். பூச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவள். மருந்தே அடிக்காமல் ஆனைக்கொம்பனை ஒழிக்கிற ஒரு பரீட்சைக்கு அவளுடைய ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஊரில் ஆளும் தெரிந்து ஈயும் தெரிந்தவள் ஒருத்தி வேண்டும் என்று என்னைக் கூட வைத்துக்கொண்டாள்.

முதல் நாளே வரப்பில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினாள். முப்பத்தொரு வருஷம் எண்ணினேனே தவிர, அவள் சொன்னது ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“அம்மா, இந்த ஈயில ஒரு விசித்திரம் இருக்கு. ஒரு தாய் போடுற முட்டை அத்தனையும் பொண்ணாத்தான் இருக்கும். இல்லன்னா அத்தனையும் ஆணாத்தான் இருக்கும். கலந்து பொறக்காது.”

“யாரு முடிவு பண்றது?”

“தாய்தான். அப்பனுக்கு அதுல பேச்சே கிடையாது. இன்னொண்ணும் கேளுங்க. மகன் வளந்து தன் புள்ளைக்குக் குடுக்கறது அம்மா குடுத்த பங்கை மட்டும்தான். அப்பன் பங்கை அப்படியே தூக்கிப் போட்டுடுவான்.”

“இத மட்டும் ஊருக்குள்ள சொல்லிடாத. ஈய விட்டுட்டு உன்னைத் தொரத்துவாங்க” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர்கள் செய்திருந்தது இதுதான். ஆண் பிள்ளையாக மட்டுமே பெறுகிற தாய் ஈயை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியிருந்தார்கள். அவள் பெற்ற மகன்களை வயலில் விடுவார்கள். அந்த மகன்கள் அம்மாவின் குணத்தை ஊர் ஈக்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அடுத்த தலைமுறையில் பிறக்கிற பெண்களும் ஆணாக மட்டுமே பெறுவார்கள். இப்படியே போனால் இரண்டு மூன்று சம்பாப் பட்டத்தில் பெண் ஈ என்பதே இருக்காது.

“பொண்ணே இல்லாத ஊரு எத்தனை நாளைக்கு நிக்கும்? அதான் கணக்கு” என்றாள் ஜெஸிந்தா. நானும் தலையாட்டினேன். ஈ விஷயம்தானே என்றுதான் தலையாட்டினேன்.

இனிமேல் வருவது என் வாயால் வந்த வினை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஈ விடுவதற்கு முன்னால் சமுதாயக் கூடத்தில் ஊர்க் கூட்டம் போட்டோம். ஜெஸிந்தா படம் போட்டுக் காட்டினாள். ஆண்கள் கொட்டாவி விட்டார்கள், பெண்கள் பின்னால் உட்கார்ந்து தங்கள் கதையைப் பேசினார்கள். கூட்டம் கலைந்துவிடும்போல் இருந்தது. நான் மைக்கை வாங்கி, “இது ஆம்பளப் புள்ளையா மட்டும் பெத்துப் போடற ஈ. நம்மூர் மாமியாருங்க எல்லாம் தவம் கெடந்து கேட்ட மருமக வந்துட்டா, பாத்துக்கங்க” என்றேன்.

கூடமே அதிர்ந்தது. பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவள் தனபாக்கியம் ஒருத்திதான். எனக்குத் தூரத்து நாத்தனார் முறை. என்னை அத்தாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவள் எழுந்து நின்று கேட்டாள்.

“அத்தாச்சி, அது எந்தக் கொம்புல இருக்கும்?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஈ விடுவதற்கென்று வலை கட்டியிருந்த வயலைக் கையால் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. வேறொன்றும் செய்யவில்லை.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. வயலில் ஆண் ஈக்கள் நிறைந்தன, கொம்புகள் குறைய ஆரம்பித்தன, ஜெஸிந்தா வாய் நிறைய சிரித்துக்கொண்டு திரிந்தாள். ஊருக்குள் மூன்று பெண்கள் அந்தக் கொம்பைப் பறித்துப் பாலில் அரைத்துக் குடித்திருக்கிறார்கள். மூவருக்கும் பெண் குழந்தை பிறந்தது. அதோடு இந்தப் பேச்சு செத்திருக்க வேண்டும் இல்லையா? அதுதான் இல்லை. ஒருத்தி குடிப்பதற்கு முன்னால் காப்பி குடித்துவிட்டாளாம். இன்னொருத்தி கிழக்கே பார்த்து உட்காரவில்லையாம். மூன்றாமவள் மூன்றாம் மாதம் தாண்டிக் குடித்தாளாம். மருந்தின்மேல் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் கார்த்திகை மாதம். தனபாக்கியத்தின் வீட்டுக்கு முருங்கைக்கீரை கொடுக்கப் போனேன். அவளுடைய மருமகள் பூங்கோதைக்கு மூன்றாம் மாதம் முடிகிற சமயம். ஏற்கனவே கயல், தாமரை என்று இரண்டு பெண்கள். பூங்கோதை ஈரத் தலையோடு சமையலறையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். தனபாக்கியம் மிக்ஸி ஜாருக்குள் எதையோ ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று ஏழு கொம்பு. ஒன்று ஒடிந்த இடத்தில் வெளிர்சிவப்பாகப் புழு நெளிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதன் தலையில் பாலை ஊற்றி மூடியை அழுத்திவிட்டாள்.

முப்பத்தொரு வருஷம் பார்த்த புழு. ஆனால் ஜாருக்குள் பார்த்ததில்லை.

“என்ன பாக்கியம் பண்ற?”

“நீங்கதானே அத்தாச்சி சொன்னீங்க” என்றாள், சாதாரணமாக. “இன்னியோட மூணு நாள் முடியுது.”

பூங்கோதை டம்ளரை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். என்னைப் பார்த்து, “வேப்பெண்ணெய்க்கு இது தேவலாம் பெரியம்மா” என்றாள். தாமரை பிறப்பதற்கு முன்னால் வேப்பெண்ணெயைக் குடித்திருக்கிறாள்.

தனபாக்கியத்தைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பெண் பெற்ற பிறகுதான் கலைவேந்தனைப் பெற்றாள். அதுவரைக்கும் அவளுடைய மாமியார் அவளைப் பந்தியில் உட்காரவிட்டதில்லை. அவள் விழுங்காத வேர் இல்லை. மருமகளுக்குச் சீக்கிரம் விடிவு வரட்டும் என்றுதான் அதைச் செய்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விசாரித்ததில், வலைக்குக் காவல் இருந்த சிங்காரவேலு ஏழு ஏழாகக் கட்டி வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறான் என்று தெரிந்தது. அந்த வருஷம் கொம்பு குடித்த பிள்ளைத்தாய்ச்சிகள் பதினோரு பேர்.

நேராக ஜெஸிந்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் வெளிறிப்போனாள். “அம்மா, சிங்காரவேலு எந்த இடத்துல பறிச்சான்?” என்று கேட்டாள். அவனையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னோம். வலை வயலில் கொம்பே இல்லை, பரீட்சைதான் ஜெயித்துவிட்டதே. அவன் பறித்தது வாய்க்கால் ஓரத்துத் துண்டு நிலத்தில். அங்கேதான் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஜெஸிந்தா மிச்சக் கொம்புகளை அறுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சு வைத்து மூடினாள். ஐந்தாம் நாள் ஈக்கள் வெளிவந்தன. அறுபத்து மூன்று ஈ. அறுபத்து மூன்றும் பெண்.

“எங்கேருந்தோ காத்துல ஒரே ஒரு தாய் வந்து விழுந்திருக்கா. பொண்ணா பெறுறவ” என்றாள் ஜெஸிந்தா. “இது எல்லாம் அவ வயித்துப் புள்ளைங்க. அக்கா தங்கச்சிங்க.”

அப்புறம் அவள் முகம் மலர்ந்தது. எனக்கும்தான். யோசித்துப் பாருங்கள், ஆண் பிள்ளைக்கு என்று குடித்த மருந்தில் ஒரு ஆண் புழுகூட இல்லை. இதைக் காட்டினால் போதும், ஊர் வெட்கப்பட்டு இந்தப் பைத்தியத்தை விட்டுவிடும் என்று இரண்டு பேருமே நம்பினோம். படித்த அவளும் நம்பினாள், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் நம்பினேன்.

மறுநாள் சாயங்காலம் கூட்டம். ஜெஸிந்தா குழாய்களை வரிசையாக வைத்து, பெரிதுபடுத்திக் காட்டுகிற கருவியில் ஒவ்வொரு ஈயாகத் திரையில் காட்டினாள். நன்றாகத்தான் பேசினாள். பிள்ளை ஆணா பெண்ணா என்பது கரு உண்டான நிமிஷமே முடிந்துபோன விஷயம், அதற்கப்புறம் எதைத் தின்றாலும் மாறாது என்றாள். அந்த வேளை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு, “நீங்க சாப்பிட்ட கொம்புல இருந்தது அத்தனையும் பொண்ணு” என்றாள். அப்போதுதான் கூடம் மொத்தமும் நிமிர்ந்து திரையைப் பார்த்தது.

தனபாக்கியம் எழுந்தாள்.

“ஒண்ணுகூடவா ஆம்பள இல்ல?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

தனபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலைந்து மாமியார்கள் போனார்கள். வெட்கப்பட்டுப் போகிறார்கள் என்று ஜெஸிந்தாவின் காதில் சொன்னேன். இரண்டு பேரும் நிம்மதியாகத் தேநீர் குடித்தோம்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். பால் வாங்கித் திரும்பும்போது தனபாக்கியம் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே பூங்கோதை மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். கயலும் தாமரையும் பள்ளிச் சீருடையில், தலை பின்னாமல், படியில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தன. கலைவேந்தன் யார் கண்ணிலும் படாத மாதிரி டயரை உதைத்துக்கொண்டிருந்தான்.

“எங்க பாக்கியம் கெளம்பிட்ட?”

“டவுனுக்கு.”

“டவுனுக்கு என்னத்துக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க அத்தாச்சி. ஸ்கேன்ல கேட்டா சட்டம்னு வாயத் தொறக்க மாட்டாங்க. நல்லவேளை, டாக்டரம்மாவே மைக் வச்சுச் சொல்லிட்டாங்க.”

கையிலிருந்த பால் பை நழுவிக் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னோம். அந்த உண்மையை இவர்கள் எடுத்துக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள் பாருங்கள். ஆண் புழு தின்றால் ஆண் பிள்ளை என்று நம்பினவர்களுக்கு, பெண் புழு என்று சொன்னால் வயிற்றில் இருப்பது பெண் என்றுதானே ஆகும்? இரண்டு படித்த முட்டாள்களுக்கு இது உறைக்கவில்லை.

“பாக்கியம், கொம்புக்கும் வயித்துக்கும் சம்பந்தமே இல்லடி. அவ நேத்து அதத்தானே சொன்னா.”

“சம்பந்தம் இல்லாததுக்கா ஊரக் கூட்டி, படம் போட்டு, ஒண்ணுகூட ஆம்பள இல்லன்னு காட்டுனீங்க?”

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஆட்டோக்காரன் சாவியைத் திருப்பினான். பூங்கோதை என்னைப் பார்க்கவில்லை. தாமரையின் கையிலிருந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் இருந்த காலத்தில் ஒரு கொம்பைக்கூடக் கூட்டியோ குறைத்தோ நான் எழுதினதில்லை. அப்படிப்பட்ட வாயிலிருந்து அந்த நிமிஷம் எப்படி வந்தது என்று எனக்கே புரியவில்லை.

“சரி, போ. போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிட்டுப் போ. போன வருசம் மூணு பேரு கொம்பு குடிச்சாளுவளே, அது என்ன கொம்பு?”

“வலைக்குள்ள பறிச்சது. ஆம்பளக் கொம்பு.”

“என்னா பொறந்துச்சு?”

தனபாக்கியம் ஆட்டோ பக்கம் திரும்பினாள்.

“சொல்லு. மூணும் என்ன?”

“பொண்ணு. அதுல ஒருத்தி காப்பி குடிச்சிட்டா…”

“மூணு பேருமா காப்பி குடிச்சாளுவ? பாக்கியம், இந்த ஈயோட முப்பத்தோரு வருசம் குடித்தனம் பண்ணவ நான். ஆம்பளப் புழுவத் தின்னா பொண்ணு. பொட்டப் புழுவத் தின்னாத்தான் ஆம்பள. அது மாறித்தான் வேல செய்யும்.”

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். “டாக்டரம்மா அதச் சொல்லலியே.”

“சொன்னா ஊரே எறங்கி வாய்க்கா ஓரத்த மிதிச்சுச் சட்னி ஆக்கிடுவீங்கன்னுதான் சொல்லல. நீ என் நாத்தனா, மனசு கேக்கல, சொல்லிட்டேன். வெளிய விட்டுடாத.”

தனபாக்கியம் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. மூன்று ஆண் கொம்பு, மூன்று பெண் குழந்தை. சாட்சி கண்ணெதிரே தெருவில் தவழ்ந்துகொண்டிருக்கிறது. திரும்பி மகனிடம், “ஆட்டோவ அனுப்புடா” என்றாள்.

பூங்கோதை உடனே இறங்கவில்லை. துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இறங்கி, தாமரையைத் திருப்பி நிறுத்தி, நின்றபடியே அவள் தலையைப் பின்ன ஆரம்பித்தாள்.

வெளியே விடாதே என்று நான் சொன்னது வேண்டுமென்றேதான். தனபாக்கியத்திடம் ஒரு விஷயம் ஊருக்குப் போக வேண்டும் என்றால் அதுதான் வழி. மத்தியானத்துக்குள் பதினோரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தனபாக்கியம் வீடு போக, ஒன்பது வீட்டில் பைகளைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் நேரம் கடந்துவிட்டது. மேலத்தெரு சத்தியபாமாவை அவளுடைய மாமியார் ஆறே முக்கால் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போயிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். சத்தியபாமா யாரையும் பார்க்கவில்லை. அதற்குள் என் பொய் ஊருக்குள் வந்துவிட்டிருந்ததால், அவளுடைய மாமியார் அதைக் கேட்டுத் தெருவிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். ஆண் பிள்ளையைக் கலைத்துவிட்டோமே என்று அழுதாள். சத்தியபாமா அதைக் கேட்டபடி கதவைத் திறந்து உள்ளே போனாள். அவள் எதற்காக அழ வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெஸிந்தாவுக்கு என் பொய் தெரியவந்தபோது அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நான் உண்மையத்தானே சொன்னேன்?”

“உண்மையத்தான் சொன்ன.”

“அப்ப சத்தியபாமா?”

நானும் ஒரு குழாயை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

“உங்க பொய் பத்து பேரைக் காப்பாத்திடுச்சு. சரி. அடுத்த ஊர்ல இதே பொய்யைச் சொல்லி ஒருத்தி கொம்பு தேடுவா, அப்ப என்ன பண்ணுவீங்க?” என்றாள். தை பிறந்ததும் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். பரீட்சை வெற்றி என்றுதான் எழுதியிருந்தாள். ஈயைப் பொறுத்தவரை அது நிஜம்தான்.

வைகாசியிலும் ஆனியிலும் பத்துக் குழந்தைகள் பிறந்தன. ஆறு பெண், நாலு ஆண். நாலு வீட்டுக்காரர்கள் எனக்குத் தட்டு நிறைய இனிப்பு கொண்டுவந்து வைத்தார்கள். ஆறு வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று என்னைத் திட்டினார்கள். திட்டு எனக்கு இனிப்பாகவும் இனிப்பு வேப்பங்காயாகவும் இருந்தது. பூங்கோதைக்கும் பெண்தான். தனபாக்கியம் மட்டும் என்னைத் திட்டவில்லை. சிங்காரவேலுவைத் திட்டினாள். ஏழு கொம்பில் ஒன்றிரண்டு ஆண் கொம்பைக் கலந்துவிட்டான், அதனால்தான் கெட்டது என்றாள். மருந்தின்மேல் அப்போதும் ஒரு சொல் இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இந்தச் சம்பாவில் பார்க்கிறேன், எங்கள் ஊரைச் சுற்றி எட்டு ஊரில் கொம்பு. ஒழிந்துபோன ஈ எப்படி வந்தது என்று விசாரித்தால், வரவில்லை, கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கிருந்தோ பெண் பெறுகிற தாய் ஈயைப் பிடித்துவந்து, வலை கட்டி, அதற்கென்று நாற்று விட்டு வளர்க்கிறார்கள். வலை கிழிந்து தப்பினது வயலுக்குப் போகிறது. வெள்ளை வெளேரென்று வயல். கதிரே இல்லை. அதைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. பெண் கொம்பு கேட்டு வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள், படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள். போன வாரம் ஜெஸிந்தா தொலைபேசியில் பேசினாள்.

“பொண்ணே இல்லாம அழிஞ்சிருக்க வேண்டிய ஈ, உங்க பொய்யால பொண்ணா பொழைச்சுக்கிச்சும்மா” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

போன மாதத் தொடக்கத்தில் தனபாக்கியம் தன் கொல்லைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கொசுவலைத் துணியில் அழகாக ஒரு கூண்டு. நாலு மூலைக் கம்புக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். ஈ வெளிச்சத்துக்கு வருமில்லையா, அதற்காகச் சின்னதாக ஒரு விளக்கு. எறும்பு ஏறாமல் கம்பைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம். உள்ளே நாற்றின்மேல் நாலைந்து ஈ உட்கார்ந்திருந்தன. தனபாக்கியம் குரலைத் தாழ்த்தி, பிள்ளைத்தாய்ச்சி தூங்குகிற அறையில் பேசுகிற மாதிரி பேசினாள்.

“சத்தம் போடாதீங்க அத்தாச்சி. எல்லாம் பூராப் பூரா பொண்ணா பெக்கறவளுவ. எவ்வளவு தேடிப் புடிச்சேன் தெரியுமா?”

பூங்கோதை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றாள். நான் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, பேர் வைத்தாயிற்றா என்று கேட்டேன்.

“போதும்பொண்ணுன்னு வைக்கச் சொல்றாங்க. நான் ஜெஸின்னுதான் கூப்புடறேன்.”

“அவ பேரையா?”

“அவங்க சொன்னது உண்மதானே பெரியம்மா. நீங்க பொய்தான் சொன்னீங்கன்னு அன்னிக்கு ஆட்டோவுலயே எனக்குத் தெரியும். வீட்ல ஒண்ணாவது உண்மயா இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு வலைக்குள் எரிகிற விளக்கைப் பார்த்தாள். மஞ்சள் பூசின கம்பைப் பார்த்தாள். பிறகு மாமியாருக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தாள்.

“மூணு பெத்திருக்கேன். ஈயாப் பொறந்திருந்தா எனக்கும் ஒரு வெளக்கு வச்சிருப்பாங்க” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். தனபாக்கியம் திரும்பி, உதட்டில் விரலை வைத்து உஸ் என்றாள்.

அதிலிருந்துதான் எனக்கு எழுத ஓடவில்லை. உங்கள் பக்கத்தில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? உண்மையைச் சொல்லப்போய் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது, பொய்யைச் சொல்லி ஒரு உயிரைக் காப்பாற்றியது, எதுவானாலும் எழுதுங்கள். தனபாக்கியம் என்னிடம் கேட்டாளே ஒரு கேள்வி, சம்பந்தம் இல்லாததுக்கா ஊரைக் கூட்டினீர்கள் என்று, அதற்கு ஒரு நல்ல பதில் தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் நான் படிப்பேன். தயவுசெய்து, கொம்பு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். ஊர்ப்பேச்சைக் கேட்டே இந்த மாதம் அப்படி ஒன்பது கடிதம் வந்துவிட்டது.